கூட நிற்பவர்களின் சங்கம்

1

காலை ஆறு ஐம்பது. பால் பாக்கெட் எடுக்கக் கதவருகே போனபோது முதலில் கண்ணில் பட்டது, ஆணியில் தொங்கிய நீல நாடா. நாடாவின் முனையில் என் மகள் கயலின் அடையாள அட்டை. புகைப்படம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. பின்பக்கத்தில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இரண்டு வரிகள்: கண்டெடுத்தால் மருத்துவமனைப் பாதுகாப்பு அறையில் ஒப்படைக்கவும், அட்டை செல்லுபடியாகும் கடைசி நாள் இன்னது. கடைசி நாள் இன்றுதான்.

எங்கள் சங்கத்துக்கு ஒரு வயது முடிகிறது. பிள்ளைக்கு ஒரு வயதென்றால் மொட்டையடித்துக் காது குத்துவோம். சங்கத்துக்கு ஆண்டறிக்கை, தணிக்கையாளர் கையெழுத்திட்ட கணக்கு, நிர்வாகக் குழுவின் புதிய பட்டியல். மூன்றையும் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்து, அவர்கள் தரும் ஒப்புகையை மருத்துவமனையில் காட்டினால் அட்டைகளைப் புதுப்பித்துத் தருவார்கள். ஒப்புகை நேற்றே கைக்கு வந்துவிட்டது. இன்று போய்க் காட்ட வேண்டும்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமாகத் தோன்றாது. என் ஊரான குடியாத்தத்திலிருந்து பார்த்தால் பெங்களூரு வெளிநாடும் இல்லை. காலையில் ரயிலேறினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். பஸ் என்றால் எல்லையிலுள்ள அத்திபெலே தாண்டியதும் கடைப்பலகைகளில் எழுத்து மாறும்; அதற்கப்புறமும் டீக்கடையில் தமிழில்தான் கேட்பார்கள். எனக்கும் முப்பது வருடங்களில் லிங்கராஜபுரத்துச் சந்துகள் பழகிவிட்டன. ஆனால் உடம்பு முடியாமல் ஒரு கவுண்டர் முன்னால் நிற்கும்போது, அந்தப் பக்கமிருப்பவர் ஏதோ சொல்லி அது புரியாமல்போகும் நேரத்தில், எந்த ஊரும் வெளிநாடுதான்.

2

நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் பெங்களூரு பதிப்பில் உதவி ஆசிரியராக இருந்தேன். பதிப்பை மூடினார்கள். அதற்கு அடுத்த மாதம் என் கணவரின் அண்ணனுக்கு ஒரு பரிசோதனைக்காக இங்குள்ள பெரிய அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். ரத்தப் பரிசோதனை வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெண் என் முழங்கையைப் பிடித்து, "அந்தம்மா இப்ப இன்னா சொன்னாங்க?" என்று கேட்டார். வெறும் வயிற்றில் வரவேண்டும், நாளைக்கு வா என்று சொன்னதாகச் சொன்னேன். அந்தப் பெண் ஏற்கெனவே இரண்டு நாளாக அந்த நாளைக்குத்தான் வந்துகொண்டிருந்தார். யாரும் வெறும் வயிறு என்பதை அவருக்குப் புரியவைக்கவில்லை.

அங்கே தமிழ் தெரிந்தவர்கள் இல்லை என்று சொல்ல மாட்டேன். நர்சுகளில் உண்டு, வார்டு உதவியாளர்களில் நிறைய உண்டு. ஆனால் நமக்கு வேண்டிய நேரத்தில் அவர்கள் ஷிப்டில் இருக்க வேண்டும். கவுண்டரில் கன்னடம், சீட்டில் ஆங்கிலம், வடக்கேயிருந்து படிக்க வந்த இளம் டாக்டர்களிடம் இந்தி. கிருஷ்ணகிரியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் ஒரு பையும் ஒரு துணையுமாக வந்து இறங்குகிறவர்கள் இந்த மூன்றுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார்கள்.

குடியாத்தத்தில் என் அப்பாவுக்குக் குடலிறக்க அறுவை நடந்தபோது தெருவே ஆஸ்பத்திரிக்கு வந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் இட்லிப் பாத்திரத்தோடு வந்தார். நர்ஸ் எல்லாரையும் திட்டினாள். யோசித்துப் பார்த்தால் வந்தவர்களில் பாதிப்பேர் இடைஞ்சல். ஆனால் டாக்டர் சொன்னதை அப்பாவுக்கு எடுத்துச் சொல்ல அங்கே ஆளுக்குக் குறைவில்லை. ஒரே செய்தியை நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள்.

அப்படித்தான் நான் வாரத்தில் மூன்று நாள் அங்கே போய் நிற்க ஆரம்பித்தேன். பிறகு ஸ்டெல்லா டீச்சர் வந்தார். எங்கள் தெரு முனையில் இருப்பவர், சர்ச் பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்றவர், நாலு மொழியிலும் திட்டத் தெரிந்தவர். அவர் பேசிப் பேசி இன்னும் ஐந்து பேரைச் சேர்த்தார். நாங்கள் பணம் கொடுப்பதில்லை, மருந்து வாங்கித் தருவதில்லை. கூட நிற்போம். கேட்டதைச் சொல்வோம். ஸ்டெல்லா டீச்சர் போட்ட விதி ஒன்று: டாக்டர் சொல்லாத எதையும் நாம் சொல்லக் கூடாது. சீட்டில் எழுதியிருப்பது நமக்குப் புரிந்தாலும் வராந்தாவில் வைத்துச் சொல்லக் கூடாது. டாக்டர் முன்னால், அவர் வாயிலிருந்து வந்ததை மட்டும்.

எங்களுக்குப் பெயர் இல்லை. வாயிற்காவலர்தான் ஒரு பெயர் வைத்தார். யாராவது மொழி தெரியாமல் விழித்தால், "ஜொதெயவரு பர்த்தாரே, இரு" என்பார். கூட இருப்பவர்கள் வருவார்கள், இரு.

3

ஒரு திங்கட்கிழமை வாயிலில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. நோயாளி ஒருவருக்கு ஒரு துணை மட்டுமே. தொண்டர்கள் என்றால், பதிவு பெற்ற அமைப்பின் உறுப்பினர்களாகவும் மருத்துவமனை தந்த அட்டை வைத்திருப்பவர்களாகவும் இருக்க வேண்டும். எங்களைப் போலவே வராந்தாவில் நின்ற ஒருவன், சீக்கிரம் ஸ்கேன் எடுத்துத் தருவதாகச் சொல்லி நோயாளிகளிடம் பணம் வாங்கியிருக்கிறான். விதி நியாயமானது. பத்திரிகையில் இருந்திருந்தால் நானே அதை மூன்று பத்திக்குத் தலைப்புப் போட்டு வெளியிட்டிருப்பேன்.

அந்த நேரத்தில் எங்களிடம் இருந்தவர் கோவிந்தன். ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி மண்டியில் ஏலம் கூவுகிறவர். மண்டியின் ஒரு மூலையில் நின்று கூவினால் லாரி நிற்கும் இடம்வரை கேட்குமாம். அவர் மனைவி செல்வி சொன்னார். குரல்வளையில் கட்டி. கதிர்வீச்சு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குரல் கம்மிப்போயிருந்தாலும் பேச்சு குறையவில்லை. வார்டில் பக்கத்துக் கட்டில்காரரின் ஆப்பிளைக் கூட ஏலத்துக்கு விடுவார். "பழம் கொஞ்சம் அடிபட்டுது, ஆனா மனசு நல்லது. யாரு கேக்கறது?"

கதிர்வீச்சு முடிந்தும் கட்டி குறையவில்லையென்றால் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று அவர் சீட்டில் எழுதியிருந்தது. அதை நான் படித்துவிட்டேன். கோவிந்தனும் செல்வியும் புரிந்துகொண்டிருந்தது வேறு: கட்டியை எடுத்துவிடுவார்கள், குரல் பழையபடி திறந்துகொள்ளும். இளம் டாக்டர் இந்தியில் சொன்னதிலிருந்து அவ்வளவுதான் அவர்களுக்குக் கிடைத்திருந்தது. ஆடி பிறந்தால் மண்டி சுறுசுறுப்பாகிவிடும், அதற்குள் அனுப்பிவிடுவார்களா என்று கோவிந்தன் என்னிடம் கேட்டார். டாக்டரைக் கேட்போம் என்றேன்.

டாக்டர் அறைக்குள் செல்விக்கு மட்டும் அனுமதி. அறுவைக்குச் சம்மதம் வாங்கும் நாளில் எங்களில் ஒருவர் அந்த அறைக்குள் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கோவிந்தன் எதற்குக் கையெழுத்துப் போடுகிறார் என்று தெரியாமலே போட்டுவிடுவார். கதிர்வீச்சு முடிய ஏழெட்டு வாரம். அதற்குள் நாங்கள் அரசாங்கம் ஒப்புக்கொள்ளும் ஓர் அமைப்பாக மாற வேண்டும்.

4

சங்கம் பதிய ஏழு பேர் வேண்டும். நாங்கள் சரியாக ஏழு பேர். நான் சங்க விதிகளுக்கான மாதிரி பைலா ஒன்றை எடுத்து, இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதினேன். குடும்பத்துக்குள்ளேயே நடக்கும் அறக்கட்டளைகளைப் பற்றிப் பல செய்திகளைத் திருத்தியவள் என்பதால், ஒரே வீட்டிலிருந்து ஒருவருக்கு மேல் உறுப்பினராகக் கூடாது என்று ஒரு விதியையும் சேர்த்தேன். நோக்கம் என்ற தலைப்பின் கீழ், தமிழ் பேசும் நோயாளிகளுக்குத் துணை நிற்பது என்று எழுதியிருந்தேன்.

பதிவாளர் அலுவலகத்தில் எங்கள் கோப்பைப் பார்த்த கேஸ் வொர்க்கர் என்ற குமாஸ்தா ஐம்பது வயதுக்காரர், நெற்றியில் குங்குமம், மேஜையில் ஸ்டீல் டிபன் பாக்ஸ். கன்னடத்தில் தொடங்கி, என் கன்னடத்தைக் கேட்டுவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

"ஏனு கொட்தீரி, என்ன குடுப்பீங்க மேடம்? சாப்பாடா? மருந்தா? ஸ்காலர்ஷிப்பா?"

எதுவும் கொடுப்பதில்லை என்றேன். கூட நிற்கிறோம்.

அவர் கோப்பை மூடினார். கூட நிற்பதற்குப் பைலா எதற்கு, நானும் தினமும் மனைவி கூட மார்க்கெட்டில் நிற்கிறேன், அதைப் பதிய முடியுமா என்று கேட்டார். ஸ்டெல்லா டீச்சர் பின்னாலிருந்து, "நிக்கிறீங்களா, பைய தூக்கறீங்களா?" என்றார் கன்னடத்தில். அடுத்த மேஜைக்காரர் சிரித்துவிட்டார். இவரும் கொஞ்சம் சிரித்துவிட்டுக் கோப்பைத் திறந்தார்.

பிறகு அவர் செய்ததை நான் மறக்க மாட்டேன். பென்சிலை எடுத்து, 'தமிழ் பேசும்' என்பதை அடித்தார். ஒரு மொழிக்காரருக்கு மட்டும் என்றால் நாளைக்கு வருமானவரிக்காரர் கேட்பார், பொதுமக்களுக்கு என்று இருந்தால்தான் தர்மம் என்றார். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று யோசித்து, ஓரத்தில் கன்னடத்தில் ஒரு வரி எழுதினார். அங்கே பேசப்படும் மொழி தெரியாத எந்த நோயாளிக்கும். நான் இருபது வருடம் பிறர் எழுதியதைச் சுருக்கியவள். அந்த வாக்கியத்தில் தொட ஒன்றுமில்லை. பெயரும் அவரிடமே முடிவானது. வாயிற்காவலர் வைத்ததையே 'ஜொதெ' என்று எழுதிக் கொடுத்தோம்.

அடுத்து முகவரிச் சான்றுகள். ஆறு பேருடையதைப் புரட்டினார். ஏழாவது என்னுடையது. ஆதாரிலும் வாக்காளர் அட்டையிலும் குடியாத்தம்.

வீடு இங்கே, வேலை பார்த்தது இங்கே, பெண் பிறந்தது இங்கே. ஆனால் நானும் கணவரும் அட்டையை மாற்றவேயில்லை. எங்களைப் போன்ற குடும்பங்களில் பலர் மாற்றுவதில்லை. தேர்தலன்று காலை வண்டி பிடித்துப் போய், நான் படித்த தொடக்கப்பள்ளியின் மூன்றாம் வகுப்பறையில் ஓட்டுப் போட்டு, விரல் மையோடு திரும்புவோம். அந்த அறையில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட இன்னும் ஒருவராவது இருப்பார்.

உறுப்பினர்கள் இந்த மாவட்டத்தில் குடியிருப்பதற்குச் சான்று வேண்டும் என்று அவர் சொன்னார். மாற்றிக்கொண்டு வாருங்கள். வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது எல்லாம் கணவர் பெயரில் இருந்தன. எனக்கு மாற்றிக் கிடைக்க எவ்வளவு நாளாகும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. கோவிந்தனின் கதிர்வீச்சு பாதியைத் தாண்டியிருந்தது.

வெளியே வந்ததும் ஸ்டெல்லா டீச்சர் ஆட்டோவில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஏன் ரேவதி, முப்பது வருஷமா காவேரித் தண்ணி குடிக்கிற, இன்னும் குடியாத்தத்துல தான் தூங்கறியா?" கொஞ்ச தூரம் போனபிறகு, "உன் வீட்ல இங்கத்த அட்டை இருக்கறது யாருக்கு?" என்றார்.

கயலுக்கு இருந்தது. பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டு எடுத்த ஆதார்.

5

கயலுக்கு இருபத்துமூன்று. ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் சோதனை செய்கிறாள். போனில் ஆங்கிலம், தோழிகளோடு "பர்த்தீனி கணே" என்று கன்னடம் (வரேன்டி என்று அர்த்தம்). என்னோடு தமிழ், அதுவும் சாப்பாட்டுக்கும் சாவிக்கும் வேண்டிய அளவு. தமிழ் படிக்கத் தெரியாது. நான் வேலை செய்த பத்திரிகையில் என் பெயர் வந்த பக்கத்தை ஒருமுறை காட்டினேன். எது உன் பெயர் என்று கேட்டாள். அதை நான் வருத்தமாகச் சொல்லவில்லை, நடந்தது அது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னேன். உன்னை எழுதினால் நான் விலக வேண்டும், ஒரு வீட்டுக்கு ஒருவர்தான் என்றும் சொன்னேன். மருத்துவமனை அட்டையைப் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள் என்றும் சொன்னேன். கோவிந்தனைப் பற்றியும் சொன்னேன். அவள் தட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என் பேரு மட்டும் வேணுமா, நானும் வேணுமா?"

நீயும் வேண்டும் என்றேன். மற்ற ஐவருக்கும் பகலில் வேலை. ஸ்டெல்லா டீச்சருக்குக் கண் அறுவை வேறு இருந்தது.

"என் தமிழ் போதுமா?"

எனக்குத் தெரியவில்லை. அதையே சொன்னேன். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து மேஜையில் என் எதிரே மறுபடி உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் வரும் சொற்களைச் சொல்லிக் கொடுக்கச் சொன்னாள். நுரையீரல், குரல்வளை, மயக்க மருந்து, தையல், சீழ். ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டாள். சீழ் என்றால் என்னவென்று தெரிந்ததும் முகத்தைச் சுளித்தாள்.

பதிவுச் சான்றிதழ் வந்தது. நீல நாடா அட்டை, அது வந்து ஒரு வாரத்தில் வந்தது.

6

சம்மதம் வாங்கிய நாளன்று நான் வாயிலுக்கு வெளியே புங்க மரத்தடியில் நின்றிருந்தேன். உள்ளே நடந்ததைக் கயல் பிறகு சொன்னாள். செல்வியும் தனியாகச் சொன்னார். இரண்டு பேர் சொன்னதிலும் வேறுபாடு இல்லாததை மட்டும் எழுதுகிறேன்.

கயல் அவரை முதலில் அங்கிள் என்று கூப்பிட்டிருக்கிறாள். "அங்கிளா? தக்காளி மண்டியில என்னைப் பாத்து எவனும் அப்படி மரியாதையா கூப்பிட்டதில்லம்மா" என்று கோவிந்தன் கரகரத்திருக்கிறார். டாக்டர் ஆங்கிலத்தில் பேசினார். நல்ல மனிதர், அவசரப்படவில்லை என்று கயல் சொன்னாள். கதிர்வீச்சில் கட்டி குறையவில்லை, குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டும், எடுத்தால் உயிருக்கு நல்ல வாய்ப்பு. கழுத்தில் ஒரு துளை இருக்கும், மூச்சு அதன் வழியாக. குரல் இருக்காது.

கயலுக்கு நாங்கள் எழுதிவைத்த சொற்கள் எதுவும் அப்போது நினைவுக்கு வரவில்லை. தன் கைவசமிருந்த வீட்டுத் தமிழில் சொன்னாள்: "ஆபரேஷனுக்கு அப்புறம் உங்களால பேச முடியாது."

கோவிந்தன் செல்வியைப் பார்த்தார். செல்வி தரையைப் பார்த்தார். "கொஞ்ச நாளைக்கா?" என்று கோவிந்தன் கேட்டார்.

கயல் டாக்டரிடம் கேட்டுவிட்டு, "இல்ல. எப்பவும்" என்றாள். கருவி வைத்து, பழகினால், ஒருவிதமாகப் பேசலாம். இந்தக் குரல் திரும்ப வராது.

டாக்டர் கடிகாரத்தைப் பார்க்காமல் காத்திருந்தார். பிறகு கோவிந்தன் சம்மதத்தாளைத் தன் பக்கம் இழுத்து, பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு சொன்னார்:

"ஒரு தரம் சொல்லிட்ட. மூணு தரம் சொல்லணும்மா. எங்க மண்டியில மூணாந்தரம் சொன்னாத்தான் முடிஞ்சது. நடுவுல யாரு வேணா மாத்திக் கேக்கலாம்."

கயலுக்கு விளங்கவில்லை. செல்விதான் விளக்கினார். டாக்டர் என்ன நடக்கிறது என்று கேட்டார். கயல் ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் தலையசைத்து, தானும் மறுபடி முதலிலிருந்து சொன்னார். டாக்டர் சொல்லாததைச் சொல்லக் கூடாது என்ற விதி அந்த அறையில் மீறப்படவில்லை.

"ஆபரேஷனுக்கு அப்புறம் உங்களால பேச முடியாது" என்றாள் கயல் இரண்டாம் தரம்.

கோவிந்தன் அறையைச் சுற்றிப் பார்த்தார். யாராவது வேறு விலை கேட்கிறார்களா என்று பார்ப்பதுபோல இருந்தது என்றார் செல்வி.

மூன்றாம் தரம் கயலின் குரல் உடைந்துவிட்டது. அவர் விரலை உயர்த்தினார். "சத்தமா சொல்லும்மா. கடைசியில நிக்கிற ஆளுக்கும் கேக்கணும்."

அவள் எழுந்து நின்று சொன்னாள். வெளியே வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்களாம். அவர் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்த கயல் என் தோளில் தலையை வைத்தாள். நாலு மணி வெயில். நாடா என் ரவிக்கை ஊக்கில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்க இரண்டு பேருக்கும் கொஞ்ச நேரமானது.

7

கோவிந்தன் இருக்கிறார். மண்டிக்குத் திரும்பிவிட்டார், கூவுவது வேறொருவர், இவர் எடைத் தராசுப் பக்கம். கைதட்டி ஆளைக் கூப்பிடுகிறார் என்று செல்வி சொன்னார். முதல் மறுபரிசோதனைக்கு வந்தபோது ஒரு கூடைத் தக்காளி கொண்டுவந்தார். சும்மா வாங்கக் கூடாது என்று பொருளாளர் ஸ்டெல்லா டீச்சர் நன்கொடை ரசீது எழுதினார்: தக்காளி, ஒரு கூடை, நாட்டு ரகம். கணக்கைப் பார்த்த தணிக்கையாளர் அந்த வரியில் பேனாவை வைத்து, இந்தச் சொத்து இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டார். ரசம் வைத்துவிட்டோம் என்றார் டீச்சர். தணிக்கையாளர் அதை அடிக்குறிப்பாகச் சேர்த்திருக்கிறார்.

ஆண்டறிக்கையில் 'வழங்கிய உதவி' என்று ஒரு கட்டம் உண்டு. கயல் தானே கணினியில் அடித்தாள். யாருக்கு, எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு என்று எழுதியிருந்தாள். அதில் ஒடியா பேசும் ஓர் அம்மாவும் இருந்தார். இந்தி கொஞ்சம் புரியும் அவருக்காக இவள் இந்தி கற்றுக்கொண்டு வருகிறாள். கோவிந்தனுக்கு நேரே, மூன்று முறை சொன்னோம் என்று எழுதியிருந்தாள். நான் திருத்தவில்லை.

போன வாரம் பொதுக்குழுவில் ஸ்டெல்லா டீச்சர் ஒரு விஷயத்தை எடுத்தார். ரேவதி முகவரியை மாற்றிக்கொண்டால் இந்த வருடப் பட்டியலில் சேர்க்கலாமே என்றார். கயல்தான் பைலாவைப் புரட்டி, ஒரு வீட்டுக்கு ஒருவர் என்ற விதியைக் காட்டினாள். யார் எழுதினது இது என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நீ வேணும்னா நான் விலகிக்கறேன்மா என்றாள் கயல். பட்டியல் அப்படியே இருக்கட்டும் என்றேன்.

இன்று கோவிந்தனுக்கு மறுபரிசோதனை. ஒன்பது மணிக்கு வாயிலில் வந்து நின்றார், கழுத்தில் வெள்ளைத் துணி. என்னைப் பார்த்துக் கைதட்டினார். கயல் ஒப்புகையைக் காட்டிப் புது அட்டை வாங்கிக்கொண்டாள். காவலர், "ஜொதெ, பன்னி, வாங்க" என்று வழிவிட்டார். இருவரும் உள்ளே போனார்கள்; நான் புங்க மரத்தடியில் நின்றேன்.

அட்டை இல்லாதவர்களுக்குப் பார்வையாளர் நேரம் மாலை நான்கு முதல் ஆறு வரை.